நகரமைப்பு படித்துவிட்டு நாடா பிடிக்கிறேன்: இந்த வேலையில் நீடிக்கலாமா?

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.40

கடலூர் வட்டாரத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகம். நகரமைப்புப் பிரிவில் அடிமட்டத் தொழில்நுட்பப் பணி. எந்த அலுவலகம், என்ன பதவி என்று கேட்காதீர்கள். பிரிவில் மொத்தமே நான்கு நாற்காலிகள். அவற்றில் ஒன்றுக்குக் கால் ஆடும். அதில் உட்கார்ந்திருப்பவள் நான். இதற்கு மேல் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

முதுகலையில் இரண்டு வருடம் நகரமைப்பு படித்தேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு முழு நகரத்துக்கு 20 ஆண்டுத் திட்டம் போட்டோம். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே தூக்கி வைத்தோம், ஆற்றங்கரை நெடுக நடைபாதை வரைந்தோம், நெரிசலான கடைத்தெருவை வண்டி இல்லாத தெருவாக்கினோம். எல்லாம் ஒரு பருவத் தேர்வுக்குள். மஞ்சள் பூசினால் குடியிருப்பு, பச்சை பூசினால் வேளாண்மை.

இங்கே என் வேலையைச் சொல்கிறேன். போன புதன்கிழமை திருப்பாதிரிப்புலியூருக்கு மேற்கே ஒரு நகரில் இட ஆய்வு. மாடி கட்ட விண்ணப்பம். வரைபடத்தில் தெரு 30 அடி. நாடாவின் ஒரு முனையை மேஸ்திரி பிடித்துக்கொண்டார், மறு முனை என் கையில். எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரிலிருந்து இந்த வீட்டு வாசல் வரை 26 அடி 4 அங்குலம். எதிர்வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்குப் போட்ட சாய்தளம் கால்வாய்மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டின் மூன்று படிகள் தெருவுக்குள் நிற்கின்றன. மேஸ்திரி என்னைப் பார்த்து, “முப்பது என்றே எழுதிக்கொள்ளுங்கள் மேடம், எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்” என்றார். நான் 26 அடி 4 அங்குலம் என்றே எழுதினேன். மறுநாள் என் மேசைக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. மூன்றிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

மற்ற நாட்களில் கோப்பு, குறைபாட்டுக் கடிதம், தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்குப் பதில், அனுமதியற்ற கட்டிடத்தின் சுவரில் மைதா பசை தடவி அறிவிப்பு ஒட்டுதல். ஒருமுறை அறிவிப்பு ஒட்டப் போன வீட்டில் இருந்த பாட்டி எனக்கு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு ஒட்டினேன்.

சென்னையில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் கூப்பிடுகிறது. சம்பளம் அதிகம், கணினியில் முழு நகரங்களுக்குத் திட்டம் போடலாம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதே வேலையில் இருப்பவர்கள், இருந்து விலகியவர்கள் சொல்லுங்கள். இது நகரமைப்பா, குமாஸ்தா வேலையா?


தேர்வர் | ஞாயிறு, இரவு 9.52

அக்கா, இந்த வேலைக்குத்தான் இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் விடுவதாக இருந்தால் அந்த ஆடும் நாற்காலியை எனக்குப் பிடித்து வையுங்கள்.


பாகூர்க்காரன் | ஞாயிறு, இரவு 10.31

தென்பெண்ணை ஆற்றுக்கு வடக்கிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் இதே போன்ற இளநிலைப் பணி, ஆறு ஆண்டுகள். எங்கள் பக்கம் கட்டிட அனுமதி நகர அமைப்புக் குழுமத்தின் கையில் இருக்கிறது, நகராட்சி தனி. அதனால் வீட்டுக்காரர் ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தால், “அது வேறு கட்டிடம் ஐயா” என்று சொல்லி அனுப்பிவிட முடியும். இந்த வேலையில் கிடைக்கும் சிறிய சந்தோஷங்களில் அது ஒன்று.

உங்களுக்கு வந்த மூன்று அழைப்புகளில் ஒன்றாவது கவுன்சிலருடையதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது, உங்களுக்குக் கவுன்சிலர் இருக்கிறார். எங்களுக்கு 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலோடு சரி. அந்த மன்றத்தின் காலம் 2011இல் முடிந்தது. நீங்கள் கவுன்சிலரின் தொல்லை என்கிறீர்கள், நாங்கள் கவுன்சிலர் இல்லாத தொல்லை என்கிறோம். தெருவில் என்ன நடக்கிறது என்று யாரும் வந்து சொல்லாத ஊரில் வரைபடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், அப்போது புரியும்.

வேலை சலிப்பு என்பதில் மறுப்பில்லை. ஆனால் ஓர் உதாரணம். டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை புதுச்சேரியை வைத்திருந்தபோது போட்ட நேர்கோட்டுத் தெருத் திட்டத்தில்தான் இன்றைக்கும் நாங்கள் நடக்கிறோம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் பழைய வீடுகளுக்குத் தெருவை ஒட்டித் திண்ணையும், அதற்கு வெளியே மரத்தூண் வைத்த தாழ்வாரமும் இருக்கும். அந்தத் தாழ்வாரம் வீட்டுக்காரருடையதா, தெருவுடையதா? நான் சேர்ந்த முதல் மாதம் அதைப் பற்றி ஒரு கோப்பு வந்தது. “ஆக்கிரமிப்பு” என்று எழுதிக்கொண்டு போனேன். மேலதிகாரி என்னை வைசியாள் வீதிக்கு அழைத்துப்போய் நிற்க வைத்தார். அந்த வீதியின் வீட்டு முகப்புகளை மீட்டெடுத்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. வெயிலில் வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தாழ்வாரத்தின் நிழலில் நடந்து போனார்கள். திரும்பி வந்து அந்தச் சொல்லை அடித்தேன். குமாஸ்தா வேலைதான். ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதுவதும் அடிப்பதும் குமாஸ்தா கையில் இருக்கிறது.


பழைய சங்கிலி | திங்கள், காலை 5.15

அம்மா, நான் நில அளவைத் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடியற்காலையில் தூக்கம் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாடா பிடிப்பதைக் கேவலமாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஃபைபர் நாடா. நான் சேர்ந்த காலத்தில் இரும்புச் சங்கிலி, 66 அடி, நூறு லிங்க். வெயிலில் தரையில் இழுபட்டால் கை பொத்துப்போகும். அந்தச் சங்கிலியில் அளந்து போட்ட புலப்படம்தான் இன்றைக்கு உங்கள் கணினியில் கோடாகத் தெரிகிறது. கணினிக்காரர் ஒருவரும் வயலில் இறங்கி அளக்கவில்லை.

பாகூர்க்காரத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் குழி என்றால் 144 சதுர அடி. உங்கள் பக்கம் குழி 576 சதுர அடி. காணி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே, 57,600 சதுர அடி. எங்களுக்கு நானூறு குழி, உங்களுக்கு நூறு குழி. எல்லையோரத்தில் இந்தக் கணக்குத் தெரியாமல் ஒருவர் “ஐம்பது குழி” என்று முன்பணம் கொடுத்துவிட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். அளவு தெரியாதவன் கையில் திட்டம் இருந்து என்ன பயன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் அலுவலகப் பதிவறையில் பழைய மனைப்பிரிவு ஒப்புதல் கோப்புகள் இருக்கும். தொண்ணூறுகளில் ஒப்புதல் வாங்கியதாகப் பார்த்து ஐந்தை எடுங்கள். ஒவ்வொன்றிலும் பூங்கா என்று ஓர் இடம் போட்டிருப்பார்கள். மனைப்பிரிவு போட்டவர் சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்திருப்பார். இதுவரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பூங்காவைத் தனி எண் கொடுத்து உட்பிரிவு செய்து பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்றினார்களா என்று வருவாய்ப் பதிவில் பாருங்கள். ஐந்தில் எத்தனை மாறியிருக்கிறது என்று இங்கே வந்து எழுதுங்கள். பிறகு சென்னைக்குப் போவதைப் பற்றிப் பேசலாம்.


கோடுபோடுகிறவன் | திங்கள், மதியம் 1.20

பழைய சங்கிலி ஐயா கைவைத்த இடத்தில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. நான் எதிர்ப்பக்கம். அரசு வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது மனைப்பிரிவு வரைந்து கொடுக்கிறேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

விதி என்ன? 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிஞ்சிய நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கிக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடமாகவும் கொடுக்கலாம், அதற்கு ஈடாகப் பணமும் கட்டலாம். பணம் கட்டுவதற்கு வழி இருக்கும் இடத்தில் இடத்தைக் கொடுப்பவர் யார்? கொடுத்தாக வேண்டிய இடத்தில் எந்த மூலையைக் கொடுப்போம்? மனை விற்காத மூலையை. மழைக்காலத்தில் தவளை கத்தும் மூலையை. வரைபடத்தில் அது பச்சை நிறத்தில் அழகாக இருக்கும். இட ஆய்வுக்கு வரும் இளநிலை அலுவலர் தை மாதத்துக்குப் பிறகு வந்தால் தரை காய்ந்திருக்கும். அதனால் விண்ணப்பத்தையே மாசியில் போடுவோம்.

கெடிலக்கரை, சென்னை நிறுவனத்தில் முழு நகரம் வரையலாம் என்கிறீர்கள். வரையலாம். அந்த நகரத்தில் இருபது வருடம் கழித்து என்ன நடந்தது என்று யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள். பணத்துக்காகப் போகிறீர்கள் என்றால் போங்கள், நானும் அதற்காகத்தான் போனேன். நகரமைப்புக்காகப் போகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.


உப்பலவாடி | திங்கள், இரவு 8.05

நான் அலுவலரும் இல்லை, வரைபவனும் இல்லை. குண்டு உப்பலவாடியில் வீடு. நீங்கள் பேசுவதைப் படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் ஊர்ப் பெயரில் குண்டு எப்படி வந்தது தெரியுமா? 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். அதனால் வந்தவை குண்டு கிராமங்கள். குண்டு சாலையும் இருக்கிறது. ஆக, இந்த ஊரில் முதல் இட ஆய்வு செய்தது பீரங்கி. அதற்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் அதைவிடக் கவனமாக அளந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணையில் வந்த தண்ணீர் நாணமேடு, உச்சிமேடு, பெரியகங்கணாங்குப்பம், எங்கள் ஊர் எல்லாவற்றையும் மூடியது. என் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஜன்னலின் கீழ்க் கட்டையைத் தொடுகிறது. வெள்ளையடிக்கவில்லை. வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்குக் கீழே நிலத்தை மனையாக விற்பவர்கள் இன்றைக்கும் விளம்பரப் பலகை வைக்கிறார்கள். அதற்கு “ஒப்புதல் பெற்றது” என்று ஒரு முத்திரை. அந்த முத்திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யாரோ ஒருவர்தானே? அவருக்கும் வேலை சலிப்பாக இருந்திருக்குமோ?


கெடிலக்கரை | செவ்வாய், இரவு 11.10

உப்பலவாடி அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு பதில் எழுதி எழுதி அழித்தேன். அந்த முத்திரை எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியும். முப்பது என்று எழுதச் சொன்ன மேஸ்திரி மாதிரி ஒருவர், அன்றைக்குச் சோர்ந்துபோயிருந்த என் மாதிரி ஒருத்தி. அவ்வளவுதான் தேவைப்படுகிறது.

பழைய சங்கிலி ஐயா, இன்று பதிவறைக்குப் போனேன். காவலர் சாவியைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். அலமாரியின் கீழ்த்தட்டு வெள்ளத்தில் நனைந்து காய்ந்திருக்கிறது, கோப்புகள் அப்பளம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஐந்து எடுக்கச் சொன்னீர்கள், பிரிக்க முடிந்தது நான்கு. அமோனியா அச்சு வரைபடங்கள், நீலம் மங்கி ஊதாவாகிவிட்டது. ஒன்றில் மடிப்பு கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசல் சரியாகப் பூங்காவின் குறுக்கே போகிறது. “பூ” ஒரு துண்டில், “ங்கா” இன்னொரு துண்டில்.

நான்கிலும் தானப்பத்திரத்தின் நகல் இருக்கிறது. வருவாய்ப் பதிவில் பார்த்தேன். பட்டா உள்ளாட்சியின் பெயரில் இருப்பது ஒன்று. மற்ற மூன்றும் மனைப்பிரிவு போட்டவர்கள் பெயரிலேயே, அல்லது அவர்களின் வாரிசுகள், அவர்களிடம் வாங்கியவர்கள் பெயரில்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு இரவு தூக்கம் கெட்ட கதை. கிழிந்த வரைபடம் இருக்கிறதே, அதன் புல எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. மேசைக்கு வந்து தேடினேன். என் மேசையிலேயே இருக்கிறது. மூன்று வாரமாக நிலுவையில் இருக்கும் ஒரு வீட்டு விண்ணப்பம். பட்டா சரியாக இருக்கிறது, பத்திரம் சரியாக இருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் வில்லங்கம் போட்டது 13 ஆண்டுகளுக்கு மட்டும். தானப்பத்திரம் அதற்கு முன்னால் பதிந்தது. அந்த மனிதர் கட்டப்போவது பூங்காவின் மேற்குப் பாதியில்.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு வந்த பணத்தைப் போட்டு வாங்கியிருக்கிறார். சட்டைப்பையில் பத்திர நகலை நான்காக மடித்து வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சத்தம் போடவில்லை. “இத்தனை ஆண்டும் பூங்கா என்று ஒரு பலகைகூட யாரும் வைக்கவில்லையே அம்மா” என்றார். எனக்குப் பதில் இல்லை. இருந்தால் யாராவது சொல்லுங்கள்.


இழை மட்டுறுத்துநர் | புதன், காலை 7.00

எந்த மனைப்பிரிவு, எந்தப் புல எண், யார் விற்றது என்று கேட்டு வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இனியும் கேட்டால் இழையை மூடிவிடுவேன்.


மனைக்கணக்கு | புதன், காலை 9.25

நடத்துநர் ஐயாவுக்கு நடந்ததுதான் இந்த ஊரில் பாதிப் பேருக்கு நடக்கிறது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்றது. பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு வழி கிடைத்தது. அதனால் சனங்கள் “அங்கீகாரம் உண்டா இல்லையா” என்று மட்டும் கேட்கப் பழகிவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுக்குள்ளேயே எது மனை, எது பூங்கா என்று யாரும் ஒப்புதல் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டிடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி. அந்த ஐயா அந்த வழியில் போயிருந்தால் இந்நேரம் அஸ்திவாரம் எழும்பியிருக்கும். கெடிலக்கரையின் மேசைக்கு வந்தது அவருடைய துரதிர்ஷ்டமா, அதிர்ஷ்டமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


கோடுபோடுகிறவன் | புதன், மதியம் 12.40

அதிர்ஷ்டம்தான். வீடு கட்டி முடித்த பிறகு தெரிந்திருந்தால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் அறிவிப்பு வந்திருக்கும். அதை ஒட்டப் போவதும் இதே பெண்தான். மோர் கொடுத்திருக்க மாட்டார்கள்.


உப்பலவாடி | புதன், மாலை 6.30

அவர் பணத்துக்கு யார் பொறுப்பு என்று ஒருவரும் எழுதவில்லை. பூங்காவைக் காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தானமாக வாங்கிய இடத்தை இத்தனை வருடம் பெயர் மாற்றாமல் வைத்திருந்த அலுவலகம் கோப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போகும். நடத்துநர் எங்கே போவார்?


பாகூர்க்காரன் | புதன், இரவு 9.15

விற்றவர்மேல் போகலாம். தானம் கொடுத்த இடத்தையே திரும்ப விற்றால் அது மோசடி. உரிமையியல் வழக்கும் போடலாம், காவல்துறையில் புகாரும் கொடுக்கலாம். நடக்க எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். ஆனால் அதற்கு அவருக்கு முதலில் தேவைப்படுவது தானப்பத்திரத்தின் சான்றிட்ட நகல். கெடிலக்கரை, அதை அவர் எப்படி மனுப்போட்டு வாங்குவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இது உங்கள் வேலைப் பட்டியலில் இல்லை. கொடுங்கள்.

இன்னொரு எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று 18 இனங்கள். முதல் இனமே நகரமைப்பு. முதல் இனத்துக்குக் கால் ஆடும் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.


பழைய சங்கிலி | வியாழன், காலை 4.50

அம்மா, நான்கில் ஒன்று மாறியிருக்கிறது என்றீர்கள். நான் பூஜ்யம் என்று நினைத்திருந்தேன். அந்த ஒன்றை மாற்றியது யார் என்று கோப்பின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள், உங்களைப்போல் ஒருவர் சுருக்கொப்பம் போட்டிருப்பார்.

இப்போது வரிசையாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சார்பதிவாளருக்கு ஒரு கடிதம். தானப்பத்திர எண், ஆண்டு, புல எண் மூன்றையும் தெளிவாக எழுதி, இது உள்ளாட்சிக்குச் சொந்தமான சொத்து, பதிவுச் சட்டம் 22-அ பிரிவின்படி இதன்மேல் இனி எந்தப் பத்திரமும் பதிய வேண்டாம் என்று கேளுங்கள். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செய்தி கசிந்தால் மிச்சக் கிழக்குப் பாதியையும் ஒரே வாரத்தில் விற்றுவிடுவார்கள். இரண்டாவது, தவறாக மாறிய பட்டாவை ரத்து செய்யக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. மூன்றாவது, உட்பிரிவு செய்ய வட்டாட்சியருக்குக் கடிதம். எல்லாம் ஆணையர் கையெழுத்தில் போக வேண்டும், உங்கள் பெயரில் அல்ல. கடிதத்தை அஞ்சலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், கையில் எடுத்துப்போய்க் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

நடத்துநர் கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அப்படிப்பட்ட புலங்களுக்கு உட்பிரிவுக் கடிதம் வராமலேயே என் பணிக்காலத்தில் பல ஆண்டுகள் போயின. கடிதம் வரவில்லை, அதனால் நான் போகவில்லை. போய்க் கேட்டிருக்கலாம்.


தேர்வர் | வியாழன், காலை 10.05

இவற்றில் எதுவும் என் பாடத்திட்டத்தில் இல்லை.


கெடிலக்கரை | மறு வாரம் வெள்ளி, இரவு 10.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். முதலில் “இதை ஏன் இப்போது கிளறுகிறாய்” என்ற கேள்வி வந்தது. மூன்று பூங்காக்களின் பரப்பையும் கூட்டி, இன்றைய வழிகாட்டி மதிப்பால் பெருக்கி, ஒரே எண்ணாகக் குறிப்பின் முதல் வரியில் போட்டேன். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இது என் முதுகலைப் படிப்பு சொல்லிக்கொடுக்காத உத்தி. சார்பதிவாளருக்கான கடிதம் கையெழுத்தாகி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்புகை வாங்கிவிட்டேன். கோட்டாட்சியருக்கான மேல்முறையீடு இன்னும் சட்டப் பிரிவில் இருக்கிறது.

பட்டா மாறியிருந்த அந்த ஒரு கோப்பின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். சுருக்கொப்பம் இருக்கிறது, படிக்க முடியவில்லை. ஓரத்தில் பென்சிலால் “நேரில் 4 முறை” என்று எழுதியிருக்கிறது.

நடத்துநர் ஐயாவின் விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் போட்டோம். வாங்கிக்கொண்டு போக அவரே வந்தார். பாகூர்க்காரன் சொன்னபடி தாள் எழுதிக் கொடுத்தேன். அவர் விற்றவரைப் பார்க்கப் போயிருக்கிறார், வீடு பூட்டியிருக்கிறதாம். உப்பலவாடி அண்ணா, உங்கள் கேள்வி அப்படியே இருக்கிறது.

சென்னைக்கு இன்னும் பதில் எழுதவில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன், கொடுத்திருக்கிறார்கள். பட்டா முடிகிறவரை மற்ற இரண்டு பூங்காக்களிலாவது எல்லைக் கல்லைத் தேடிப் பார்த்துவிடலாம் என்று திங்கள்கிழமை நில அளவர் வருகிறேன் என்றிருக்கிறார். அவருடைய உதவியாளர் விடுப்பில் போகிறாராம், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வெயில் ஏறுவதற்குள்.


பழைய சங்கிலி | சனி, காலை 5.05

தென்மேற்கு மூலைக் கல்லிலிருந்து தொடங்குங்கள். மற்ற மூன்றும் இடம் மாறியிருக்கும். மண்வெட்டி எடுத்துப் போங்கள் அம்மா, கல் அரை அடி ஆழத்தில் இருக்கும்.